பிரான்ஸ் திராட்சைத் தோட்டம் பக்கம் கார் தொல்லை இல்லாம சைக்கிள் ஓட்ட எந்த ரூட் நல்லாருக்கும்?

பெடல்பாண்டி

வணக்கம் மக்களே. நாங்க ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கோம், ஜூலை கடைசில ஒரு வாரம் லீவு, சைக்கிளை எல்லாம் கார் பின்னாடி மாட்டிக்கிட்டு பிரான்ஸ் போலாம்னு பிளான். நான், வீட்டுக்காரம்மா, ஒம்போது வயசு பையன். பையன் தனி சைக்கிள்ல நல்லாவே ஓட்டுவான், ஆனா வீட்டுக்காரம்மாவுக்கு பக்கத்துல கார் உரசிக்கிட்டு போனா கை நடுங்கும், அதனால ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் பாதைன்னு சொல்ற சமாச்சாரம் எல்லாம் வேணாம், நிஜமாவே வண்டி வராத பாதையா இருக்கணும். ஒரு நாளைக்கு 25, 30 கி.மீ. தாண்ட மாட்டோம்.

பர்கண்டி பக்கம் போன்னு ஒரு டவுன் இருக்கே, அங்கருந்து தோட்டத்துக்குள்ளயே பாதை போகுதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. இன்னொண்ணு, எங்க ரெண்டு பேருக்கும் குடிக்கற பழக்கம் கிடையாது, அவங்க சைவம் வேற. அப்படியிருக்க அங்க போறதுல அர்த்தம் இருக்கா, இல்ல ஊரே கிளாஸும் கையுமா இருக்க நாங்க மட்டும் முழிச்சுக்கிட்டு நிப்போமா?

மேடுபள்ளம்

தாராளமா போங்க பாண்டி. ஆனா ஒண்ணு தெளிவா பிரிச்சுக்கோங்க, உங்க ஆபீஸ்காரர் சொன்னது வேற பாதை, உங்க வீட்டம்மா கேக்கறது வேற பாதை, ரெண்டும் ஒரே ஏரியாவுல அடுத்தடுத்து இருக்கு, அதனால ரெண்டையும் சேத்தே ஓட்டிடலாம்.

அவர் சொன்னது வுவா தே வீஞ், அதாவது திராட்சைத் தோட்டப் பாதை. போன் டவுன்ல ஆரம்பிச்சு பொமார், வோல்னே, மெர்சோ, புலிஞி, ஷாசாஞ் வழியா சாந்தனே வரைக்கும் ஒரு 22 கி.மீ. ஒயின் பாட்டில் லேபிள்ல பாக்கற பேரெல்லாம் அங்க ஊர்ப் பலகையா நிக்கும். அழகுன்னா அழகு, ஆனா அது தோட்டக்காரங்க வேலைக்குப் போற பாதை, டிராக்டரும் வேனும் வரும், ஊருக்குள்ள நுழையும்போது சாதாரண தெருதான். கார் கூட்டம் பூரா கீழ டி974 ரோட்டுல போயிடும், அதனால பயப்பட ஒண்ணுமில்ல, ஆனாலும் "வண்டியே வராது"ன்னு வீட்ல வாக்கு குடுத்துடாதீங்க.

அங்க ஓடற டிராக்டர் பாக்கவே விசித்திரமா இருக்கும், ரெண்டு காலையும் அகட்டி நிக்கற மாதிரி உசரமா இருக்கும், திராட்சை வரிசை அதோட வயித்துக்கு அடில போகும், டிரைவர் மேல உக்காந்திருப்பாரு. உங்க பையன் ஒயின் ஊரை மறந்தாலும் இதை மறக்க மாட்டான். ஜூலைல மருந்து அடிச்சுக்கிட்டு இருப்பாங்க, பெரும்பாலும் விடியக்காலைல. தூரத்துல புகை மாதிரி தெரிஞ்சா ஓரமா நின்னுட்டு அது திரும்பினப்புறம் போங்க. அப்புறம் அந்த 22 கி.மீ.லயும் நிழல்னு பெருசா ஒண்ணும் கிடையாது, கொடி இடுப்பு உசரம்தான், மரமே வெக்க மாட்டாங்க. ஜூலை வெயில்ல பையனோட போறீங்கன்னா எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி பதினொண்ணுக்குள்ள முடிச்சுடுங்க.

வீட்டம்மா கேக்கற மாதிரி சுத்தமா கார் இல்லாத பாதை அதுக்குத் தெக்கால இருக்கு. ஜிவ்ரிலருந்து க்ளூனி வரைக்கும் 44 கி.மீ., பழைய ரயில் லைனைப் பேத்துட்டு தார் போட்டது. 1997ல திறந்தாங்க, பிரான்ஸ்லயே முதல் வுவா வெர்த் (பச்சைப் பாதை, மோட்டார் வண்டி வராத பாதைக்கு அங்க அப்படித்தான் பேரு) இதான். ரயில் போன தடம்ங்கறதால ஏத்தம் இருந்தாலும் காலுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் மரம், நடுநடுவுல திராட்சை, மேய்ச்சல் நிலம், வெள்ளை மாடு. குறுக்க ரோடு வர்ற எடத்துல எல்லாம் தடுப்பு வெச்சிருப்பாங்க, அங்க மட்டும் பையனை இறங்கி நிக்கப் பழக்குங்க.

நடுவுல சாந்தனேலருந்து ஷாலோன் வரைக்கும் கால்வாய்க்கரை. படகு மதகுல ஏறி இறங்கறதை நின்னு பாத்தா அரை நாள் அதுலயே போயிடும். தூண்டில் போடறவங்க கம்பை பாதைக்குக் குறுக்கவே நீட்டி வெச்சிருப்பாங்க, பையனை முன்னாடி விடாதீங்க.

க்ளூனிக்கு அப்புறமும் பாதை மாக்கோன் பக்கம் போகுது. போன் டவுன்லருந்து எல்லாம் சேத்தா 130 கி.மீ. சுமாருக்கு வரும். காரை போன் டவுன்லயே விட்டுட்டு ஒரே பக்கமா ஓட்டிட்டு மாக்கோன்ல ரயில் ஏறி திரும்பிடலாம், டீஜோன் - லியோன் லைன்ல ரெண்டு ஊரும் இருக்கு.

லாச்சப்பல்காரன்

வணக்கம் தம்பி. நான் பரிஸில இருக்கிறன், உந்தப் பக்கம் சைக்கிளில போய் வந்தனான். மேல எழுதினவர் சொன்னது எல்லாம் சரி, சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால எழுதுறன்.

கிராமங்களில மத்தியானம் பன்ரெண்டில இருந்து ரெண்டு மணிக்குள்ள சாப்பிட்டிட வேணும், ரெண்டரைக்குப் போய் கேட்டீங்கள் எண்டால் குசினி பூட்டியாச்சு எண்டுதான் சொல்லுவினம். ஞாயிறு பின்னேரம், திங்கள் ரெண்டும் கடை திறந்திருக்கும் எண்டு நம்பிப் போகாதேங்கோ, சனிக்கிழமையே சாமான் வாங்கி வையுங்கோ. மனிசி சைவம் எண்டால் ரெஸ்டோரண்டில பெரிசா எதிர்பார்க்க ஏலாது, அந்தப் பக்கத்துச் சாப்பாடு எண்டாலே மாட்டிறைச்சியை ஒயினில வேக வைக்கிறது, நத்தை, ஹாம் எண்டுதான் போகும். முட்டையும் சீஸும் சாப்பிடுவா எண்டால் கவலை இல்லை, பாண் கடையில கூஜேர் எண்டு சீஸ் போட்டு ஊதின மாதிரி ஒரு சாமான் விற்பினம், காலமை சூடா வாங்கி பையில போட்டால் மத்தியானம் மட்டும் தாங்கும். மாக்கோன் பக்கம் ஆட்டுப்பால் சீஸ் சின்னச் சின்னனா விக்கும், அதுவும் நல்லம். ஆனால் சுத்த சைவம் எண்டால் ஒன்று சொல்ல வேணும், இஞ்ச பழைய முறையில செய்யிற சீஸ் கனக்க கன்றுக்குட்டியின்ர வயித்தில இருந்து எடுக்கிற சாமான் விட்டுத்தான் உறைய வைக்கிறது. தெரிஞ்சு சாப்பிடுறது நல்லம் எல்லோ.

தண்ணி முடிஞ்சுது எண்டால் ஊர்ச் சேமக்காலைக்கு, அதுதான் கல்லறைத் தோட்டத்துக்கு, போங்கோ. பகிடி இல்லை, பூச்செடிக்கு விடுறதுக்கு அங்க பைப் இருக்கும், பிரெஞ்சுச் சைக்கிள்காரர் எல்லாம் அங்கதான் போத்தல் நிரப்புறவை. குடிக்கக் கூடாது எண்டு போர்டு இருக்கோ எண்டு மட்டும் பார்த்து நிரப்புங்கோ.

பொடியனுக்கு ஹெல்மெட் கட்டாயம். 2017இல இருந்து பன்ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்குச் சட்டம். காதில இயர்ஃபோன் செருகிக்கொண்டு ஓடுறதுக்கும் 135 யூரோ தண்டம், ஆருக்கும்.

அரைக்காப்பி

எல்லாரும் பர்கண்டி பர்கண்டின்னா எப்படி, நான் போர்தோக்கு ஓட்டு போடறேன். ரோஜே லபேபி பாதைன்னு ஒண்ணு இருக்கு, போர்தோ வெளில லாத்ரேன்லருந்து சோவ்தேர் வரைக்கும் 50 கி.மீ.க்கு கொஞ்சம் மேல, அதுவும் பழைய ரயில் லைன்தான். 1937ல டூர் தெ பிரான்ஸ் ஜெயிச்சவர் பேரு, அந்த வருஷம்தான் அந்தப் போட்டில கியர் மாத்தற டெரெய்லர் வெக்க அனுமதிச்சாங்க. க்ரேயோன்ல பழைய ஸ்டேஷன்லயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கூட்டமும் பர்கண்டி மாதிரி பீத்திக்கற கூட்டம் இல்ல.

மேடுபள்ளம்

அரைக்காப்பி, அது நல்ல பாதைதான், ஆனா பாதிக்கு மேல காட்டுக்குள்ள போகும், தோட்டம் அங்கங்க எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். ஃப்ராங்க்ஃபர்ட்லருந்து போர்தோக்கு பையனைக் கார்ல உக்கார வெச்சு ஓட்டறதை நெனச்சுப் பாருங்க. பர்கண்டின்னா காலைல கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள டென்ட் போட்டுடலாம்.

பாண்டி, குடிக்காதவங்களுக்கு என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல. எனக்கு அந்த ஊர்ல பிடிச்சதே வரப்புதான். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பேரு, கல் சுவரு, சில எடத்துல வாசல் வளைவு. அதை க்ளிமான்னு சொல்றாங்க, மொத்தம் 1,247, யுனெஸ்கோ 2015ல பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. புலிஞி ஊர்லருந்து பாதையை விட்டு கொஞ்சம் மேல ஏறினீங்கன்னா மோன்ட்ராஷே தோட்டம், மொத்தமே 8 ஹெக்டேர்தான். அதை ஒட்டி ஒரு சின்ன ரோடு, ரோட்டுக்கு மேல்பக்கம் மோன்ட்ராஷே, கீழ்ப்பக்கம் பத்தார் மோன்ட்ராஷே. ரெண்டு பக்கமும் அதே ரகக் கொடி, நீங்களும் நானும் பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா பாட்டில் விலைல தெரியும். சரிவுல எவ்ளோ உசரம், அடில எவ்ளோ சுண்ணாம்பு, மழைத் தண்ணி எப்படி வடியுது, எல்லாம் கணக்கு. நம்மூர்ல ஒரே வாய்க்கா பாசனத்துல மேமடை கடமடைன்னு நிலத்துக்கு விலை மாறுமே, அந்தப் பேச்சைக் கேட்டு வளந்தவங்களுக்கு இது பிடிபட நேரமே ஆகாது.

க்ளூனில மடத்தைப் பாக்காம வராதீங்க. 910ல ஆரம்பிச்சது, ரோம்ல இப்ப இருக்கற பீட்டர் கோயில் கட்டற வரைக்கும் கிறிஸ்தவ உலகத்துலயே பெரிய கோயில் இங்கதான் இருந்துது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் ஏலம் விட்டு கல்லுக் கல்லா பேத்து வித்துட்டாங்க, இப்ப ஒரு மூலை மட்டும் நிக்குது, அதுவே கழுத்து வலிக்கற உசரம்.

க்ளூனி தாண்டினதும் புவா க்ளேர்னு 1.6 கி.மீ. சுரங்கம் வரும், பழைய ரயில் சுரங்கம், வௌவாலுக்காக குளிர் காலத்துல மூடிடுவாங்க, ஜூலைல திறந்திருக்கும். வெளில 35 டிகிரி அடிச்சாலும் உள்ள ஜில்லுனு இருக்கும், வேர்வையோட நுழையாதீங்க, ஜாக்கெட்டைப் பைக்கு மேலாப்புல வைங்க.

பெடல்பாண்டி

அய்யோ, இவ்ளோ பேர் இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனக்கல, ரொம்ப நன்றி. லாச்சப்பல் அண்ணே, அவங்க முட்டை சாப்பிட மாட்டாங்க, சீஸ் விஷயத்தைப் படிச்சுட்டு முகம் சுளிச்சுட்டாங்க, அதனால சின்ன ஸ்டவ்வும் அரிசியும் தூக்கிட்டுப் போறதா முடிவு. சுடுகாட்டுத் தண்ணி மேட்டரை வீட்ல இன்னும் சொல்லல. பையன் டிராக்டரையும் வௌவாலையும் கேட்டதுலருந்து இப்பவே பெல் அடிச்சுக்கிட்டு திரியறான்.

ஒரே டவுட்டு, மாக்கோன்லருந்து திரும்பறப்ப மூணு சைக்கிளையும் ரயில்ல ஏத்த விடுவாங்களா?

லாச்சப்பல்காரன்

முட்டை இல்லை எண்டால் கூஜேரும் வேண்டாம் தம்பி, அதுக்குள்ள முட்டை இருக்கு. வெறும் பாணும் தக்காளியும் வாங்குங்கோ, அங்கத்தைய கடுகுக் களியும் ஒரு போத்தல் எடுங்கோ, சோத்துக்கும் நல்லா இருக்கும்.

ரயில் எண்டால் டிஇஆரில (உள்ளூர் ரயில்) போங்கோ, டிஜிவியில (அதிவேக ரயில்) சைக்கிளுக்கு முதலே இடம் பதிய வேணும், இல்லாட்டி கழற்றிப் பையில போட வேணும். டிஇஆரில கொழுவுற இடம் கொஞ்சம்தான், கோடையில வெள்ளி பின்னேரமும் ஞாயிறு பின்னேரமும் சரியான சனம். கிழமை நாளில காலமை ரயிலாப் பாருங்கோ, பதிவு தேவையோ எண்டு போக முதல் ஒருக்கா அவையின்ர ஆப்பில பாருங்கோ, சட்டம் அடிக்கடி மாறுது. மூண்டுக்கும் இடம் இல்லை எண்டு சொன்னால் நீங்கள் மட்டும் ஏறிப்போய் காரை எடுத்துக்கொண்டு வாங்கோ, மனிசியும் பொடியனும் சோன் ஆத்தங்கரையில இருக்கட்டும்.