டாரட் கட்டு: குறி பார்க்கவா, விளையாடவா?

மாங்குளத்தான்:
பிரான்சில் இருந்து வந்த பெறாமகன் ஒரு கட்டை விட்டுவிட்டுப் போய்விட்டான். 78 சீட்டு. வழமையான நாலு இனத்தோடு, படமும் இலக்கமும் போட்ட 21 சீட்டு தனியாக இருக்கிறது. வாத்தியம் வைத்திருக்கிற ஒருவனின் சீட்டும் உண்டு. அம்மா "குறி பார்க்கிற சாமான், வீட்டுக்குள் வேண்டாம்" என்று மாட்டுக்கொட்டிலில் செருகிவிட்டார். நாங்கள் பின்னேரங்களில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிற ஆட்கள். இதை விளையாடலாமா?

கனகராயன்குளம்:
அண்ணை, யூடியூபில் இதை வைத்துத்தான் எதிர்காலம் சொல்கிறார்கள். எகிப்துக் கோயில்களில் இருந்து வந்ததாம். அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

பரந்தன் பெரியவர்:
தம்பி, கட்டை உடனே வீட்டுக்குள் எடுங்கோ, கறையான் அரித்துவிடும். பாரிசில் சமையலறை வேலை முடிந்தபின் பிரெஞ்சுக்காரரோடு இருந்து இதை விளையாடியவன் நான். இது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். 1440இல் புளோரன்சில் எழுதிய குறிப்பிலேயே இந்தக் கட்டு வருகிறது. எகிப்துக் கதையை 1781இல் கூர் து ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் எழுதிப் பரப்பினார். அப்போது எகிப்தின் பழைய எழுத்தை வாசிக்க உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஷம்போலியோன் அதை வாசித்தது 1822இல். முந்நூறு வருடத்துக்கு மேல் மனிசர் ஆடி மகிழ்ந்த ஆட்டத்தை மறைத்துவிட்டு, குறி சொல்வதை மட்டும் பழமை என்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

304 தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. நாலு பேருக்கு ஆளுக்கு 18 சீட்டு, நடுவில் 6. ஏலம் மாதிரிக் கேட்கிற கேள்வியும் உண்டு. ஆனால் 304 மாதிரி துரும்பை, அதாவது மற்றச் சீட்டுகளை வெட்டுகிற இனத்தை, தெரிந்தெடுத்துக் கவிழ்த்து வைக்கிற வேலை இல்லை. அந்த 21 சீட்டும் எப்போதும் துரும்புதான். கேட்டு எடுத்தவர் தனியே, மற்ற மூவரும் எதிர்ப்பக்கம். இறக்கிய இனம் கையில் இல்லையென்றால் துரும்பால் வெட்டியே ஆகவேண்டும், 304 மாதிரி விரும்பியதைப் போட முடியாது. முடிந்தால் மேசையில் கிடக்கிற துரும்பைவிடப் பெரியதாகவும் போடவேண்டும். ஆட்டத்தின் சூடே அங்கேதான்.

மாங்குளத்தான்:
நன்றி ஐயா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கட்டு உள்ளே வந்துவிட்டது. வெல்ல எத்தனை புள்ளி வேண்டும்?

பரந்தன் பெரியவர்:
மொத்தம் 91 புள்ளி. துரும்பில் 1, 21, அப்புறம் அந்த வாத்தியக்காரன், இந்த மூன்றும் விசேஷம். கேட்டவரிடம் கடைசியில் மூன்றும் இருந்தால் 36 புள்ளி போதும். இரண்டென்றால் 41, ஒன்றென்றால் 51, ஒன்றுமே இல்லையென்றால் 56. வாத்தியக்காரனை எந்த நேரமும் இறக்கலாம், ஆனால் கடைசிச் சுற்றுவரை கையில் வைத்திருக்காதேங்கோ, எதிர்ப்பக்கம் போய்விடுவான்.