மறுமொழி: இம்பீடன்ஸ் மேட்சிங் – ‘பொருத்தம்’ பொருந்துமா?

அன்பின் குழுவினருக்கு,

இலங்கை மலையகத்து அட்டனில் வாகன மின்வேலை பழகும் பிள்ளைகளுக்காக ஒரு கைநூல் எழுதுகிறேன். கார் சப்வூஃபரை (அடித்தொனி ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) ஆம்ப்ளிஃபயரில் பூட்டும் பக்கத்தில் ‘இம்பீடன்ஸ்’ (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் அளவு), ‘இம்பீடன்ஸ் மேட்சிங்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நின்றுபோனதால்தான் உங்களிடம் கேட்டேன். வந்த மடல்களுக்கு என் பதில்:

> இம்பீடன்சுக்கும் ‘மின்தடை’ போதும். இரண்டுக்கும் அலகு ஓம்தானே?

போதாது. 4 ஓம் என்று அச்சடித்த சப்பின் சுருளை மீட்டரில் வைத்தால் 3.4 அளவில்தான் காட்டும். “சேர், சாமான் பழுது” என்று பையன் ஓடிவருவான். மீட்டர் காட்டுவது நேரோட்டத்துக்கான (டிசி) தடை. பாட்டு ஓடுவது ஆடலோட்டமாக (திசை மாறி மாறி ஓடும் ஏசி). அதற்குச் சுருளின் தூண்டலும் அது தள்ளும் கோனின் (ஸ்பீக்கர் கூம்பின்) அசைவும் சேர்ந்து குறுக்கே நிற்கும். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் அளவு மாறும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது? போதாக்குறைக்கு, 2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த ஆட்களுக்கு ‘மின்தடை’ என்றால் கரண்ட் போவதுதான்.

> ‘தடங்கல்’?

என் வாக்கு இதற்கே. ஒலிவர் ஹெவிசைட் 1886இல் இம்பீடன்ஸ் என்ற சொல்லைக் கட்டியதும் குறுக்கே நிற்பதைக் குறிக்கும் வினையிலிருந்துதான். தடை, தடங்கல் – அக்கா தங்கை மாதிரி, ஆனால் ஆள் வேறு.

> அப்படியானால் மேட்சிங் ‘தடங்கல் பொருத்தம்’.

இங்கேதான் நான் முரண்டு பிடிக்கிறேன். பொருத்தம் என்றால் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், கலியாணப் பொருத்தம் போல. கார் செட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆம்ப்பின் சொந்தத் தடங்கல் ஓமில் மிகச் சிறு பின்னம். சப்பினுடையது 2, 4 என்று நிற்கும். யாரும் இரண்டையும் சமப்படுத்துவதில்லை. ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போகாமல் பார்க்கிறோம், அவ்வளவுதான். அது 20 வோல்ட் தள்ளினால் 4 ஓமில் ஓடுவது 5 அம்பியர், 2 ஓமில் 10, 1 ஓமில் 20. ஓம் இறங்க இறங்கச் சுமை ஏறும். பிள்ளைகள் தலைகீழாக நினைப்பது இதைத்தான்.

ஒரு வேன்காரத் தம்பி இரட்டைச் சுருள் சப் இரண்டு வாங்கினார், எல்லாம் 4 ஓம் சுருள். நாலையும் சமாந்தரமாகக் கட்டினார்: 1 ஓம். ஆம்ப்போ பிரிட்ஜ் பண்ணியது (இரண்டு சனலையும் சேர்த்து ஒரே சுமையை ஓட்டுவது), 4 ஓமுக்குக் கீழே கூடாது. பிரிட்ஜில் ஒவ்வொரு சனலுக்கும் பாதிதான் தெரியும், ஆக அரை ஓம். புரொடெக்ட் லைட் (ஆம்ப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிய எரிய அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். தலவாக்கலை தாண்டுமுன் புகை. ஒவ்வொரு சப்பிலும் இரு சுருளையும் தொடராகக் கட்டி (8), இரு சப்பையும் சமாந்தரமாகச் சேர்த்திருந்தால் சரியாக 4 வந்திருக்கும். என்னிடம் வந்தபோது, “ஓம் பொருந்துது என்றுதானே அண்ணே கடையில சொன்னாங்க” என்றார். அந்தச் சொல்லை நான் வெறுப்பதற்கு இதுதான் காரணம்.

அவருக்கு விளங்கவைக்க என் வாயில் வந்தது மட்டக்கம்பு. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது செடிமேல் கிடத்தும் கம்பு. அதற்குக் கீழே கை போகக்கூடாது. அவருடைய அம்மா மலையில் கொழுந்து எடுத்தவர். சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

ஆகவே என் முன்மொழிவு: ஆம்ப் தாங்கும் மிகக் குறைந்த தடங்கல் – மட்டத் தடங்கல். அதற்குக் கீழே போகாமல் சுருள்களைக் கட்டுவது – தடங்கல் மட்டம் பார்த்தல். மேசன்மார் ‘மட்டம் பார்ப்பது’ ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். ‘மட்டமான சாமான்’ என்று இளப்பமாகக் கேட்கும் என்பீர்கள், ஒலிக்கும்தான். ‘கடல்மட்டம்’ என்று சொல்லும்போது யாரும் கடலை இளப்பமாக நினைப்பதில்லையே.

கைநூலில் வாசகம் இப்படி வரும்: “பற்றரியின் மறை முனையைக் கழற்று. சுருள்களைக் கட்டி முடி. ஆம்ப்பில் பூட்டுமுன் வயர் முனையில் மீட்டர் வைத்துத் தடங்கல் மட்டம் பார். 4 ஓம் கட்டில் 3.4 அளவில் காட்டினால் சரி. 1ஐ ஒட்டிக் காட்டினால் பூட்டாதே. பற்றரிக்குக் கிட்டவே ஃபியூஸ் போடு.”

பிரிட்ஜ் பண்ணுவதற்கு ‘பாலமிடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். வேறு ஏதும் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை பிரிட்ஜ் பிரிட்ஜாகவே இருக்கட்டும்.