துணி டயப்பர்: போர்வெல் தண்ணிக்குச் சரிவருமா?

கேள்வி:
குழந்தைக்கு 4 மாசம், 6.5 கிலோ. பகலுக்கு மட்டும் துணி டயப்பர் போடலாம்னு யோசனை. எத்தனை வாங்கணும்? எங்க வீட்டுல போர்வெல் தண்ணி, துவைச்ச துணியெல்லாம் விறைச்சுப் போகுது. இதுவும் அப்படித்தான் ஆகுமா?

பதில்:
பகலுக்கு மட்டும்னா 5–6 தடவை மாத்துவீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் துவைச்சா 15 போதும். ஆனா முதல்ல மூணே மூணு வாங்கிப் பாருங்க சிஸ். எலாஸ்டிக் தொடை மடிப்புல உட்காரணும், இடைவெளி இருந்தா எவ்வளவு நல்ல டயப்பரும் ஒழுகும். இன்சர்ட், அதாவது உள்ளே வைக்கிற ஈரம் உறிஞ்சுற துணி, தனியா உருவி எடுக்கிற பாக்கெட் வகையே வாங்குங்க. எல்லாம் சேர்த்துத் தைச்சது ஐப்பசி மழையில காயவே காயாது.

காட்டன், மூங்கில் இன்சர்ட் புதுசுல சரியா உறிஞ்சாது. நாலஞ்சு தடவை துவைச்சாதான் அதுல இருக்கிற எண்ணெய்ப்பசை போகும். மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், ஆனா நேரா தோல்ல படக் கூடாது, வறண்டு போகும்.

பதில்:
உப்புத் தண்ணிதான் இதுல பெரிய தலைவலி. சோப்புக் கட்டி போடவே கூடாது. தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து பிசுக்கா துணியில படிஞ்சிடும். டிடர்ஜென்ட் பவுடர் போடுங்க, அதையும் குறைக்காதீங்க. பாதி உப்போடவே செலவாயிடும், அழுக்கு அப்படியே நிக்கும். முதல்ல வெறும் பச்சைத் தண்ணியில ஒரு அலசு, அப்புறம் 40 டிகிரியில துவையல், கடைசி அலசுக்கு முடிஞ்சா கார்ப்பரேஷன் தண்ணி. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற தண்ணி வேண்டாம், உப்பு அதுலதான் இன்னும் ஜாஸ்தி. கண்டிஷனரும் வேண்டாம்.

காய்ஞ்ச இன்சர்ட் மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி உருண்டு நின்னா படிவு சேர்ந்திருக்குன்னு அர்த்தம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தேங்காய் எண்ணெய் தடவலாமா? மலம் போனா?

பதில்:
எண்ணெய், கிரீம் எதுன்னாலும் இன்சர்ட்ல ஏறினா அது தண்ணியை உறிஞ்சாது. தடவியே ஆகணும்னா மேல ஒரு மெல்லிய துணி விரிச்சுடுங்க. மலத்தை டாய்லெட்ல ஹெல்த் ஃபாசெட்டால அடிச்சுவிட்டா போதும். பக்கெட்ல ஊறப்போட்டு வைக்காதீங்க, நாத்தமும் வரும், எலாஸ்டிக்கும் தளரும். இன்சர்ட்டை நல்ல வெயில்ல போடுங்க, மஞ்சள் கறை தானா வெளுக்கும். வெளியே இருக்கிற ஒழுகாத கவர் மட்டும் நிழல்ல.