மைக்குக்குச் சொக்ஸ் போட்ட நாள்

மாங்குளத்திலிருந்து:

மேடையில் கண்ட ஒருவரை நேரில் சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. சந்திப்பு என்னவோ கடைசிக் கால் மணித்தியாலம்தான். ஆனால் அதற்காக ஒரு முழு நாள் புழுதி குடித்திருக்கிறேன், அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. முதல் நாள்தான், ராப் பாட்டும் பிரேக் ஆட்டமும் சேர்ந்த ஹிப்ஹொப்புக்கு 50 வயது முடிந்திருந்தது. 1973 ஆகஸ்ட் 11 இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கத் தொடர்மாடியில், கூல் ஹேர்க் என்ற 18 வயதுப் பெடியன் இசைத்தட்டுச் சுழற்றிய இரவைத்தான் பிறந்தநாளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும் என்று தங்கை சின்டி வைத்த பார்ட்டி அது. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். அதைச் சாட்டாக வைத்து எங்கள் பக்கத்துப் பெடியன்கள் சிலர் இரணைமடுச் சந்திக்கு உள்ளே ஒரு வெட்டையில் மேடை போட்டார்கள். இங்கே 25 சதமும் இல்லை, இலவசம்.

நோட்டீசில் பிற்பகல் 3 மணி என்று போட்டிருந்தது. நாங்கள் நம்பி 2 மணிக்கே வெளிக்கிட்டோம். துணுக்காயிலிருந்து வந்த நண்பன் அந்த வெய்யிலில் கறுப்பு ஹூடி போட்டு, தொப்பியையும் இழுத்து மூடிக்கொண்டு பின்னால் ஏறினான். முறிகண்டியில் வழக்கம்போல நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். கச்சான் விற்கும் அம்மா அவனைப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பிக்குக் காய்ச்சலோ? ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போறியள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. கச்சான் உடைத்தபடியே ஒரு வாக்குவாதம் வேறு. எங்கள் ஆட்களில் முதலில் உலகத்துக்குத் தெரிந்தது லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. தான், 2005 இலேயே அல்பம் வந்துவிட்டது என்பது அவன் கட்சி. அவர் இங்கிலீசில் பாடினவர், தமிழ்க் கணக்கில் வரமாட்டார் என்பது என் கட்சி.

என் கட்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2010 இல் எனக்கு 16 வயது. முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். கொமினிகேசன் கடையில் காசு கொடுத்தால் 2 ஜிபி சிப் நிறையப் பாட்டு அடித்துத் தருவார்கள். சாமிப் பாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் நடுவில், மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ராவும் 2006 இல் கொண்டுவந்த 'வல்லவன்' என்ற ராப் அல்பம் கிடந்தது. கடைக்காரர் தவறுதலாகத்தான் ஏற்றியிருக்க வேண்டும். இரவில் அதைப் போட்டேன். வெளியில் அடுப்படியில் இருந்த அம்மா, "ஆரடா உன்னோடை சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டார். அன்று பிடித்த விசர் இன்னும் இறங்கவில்லை.

சரி, வெட்டைக்கு வருவோம். மூன்று மணிக்கு அங்கே இருந்தது இரண்டு நாய்களும் ஒரு ஐஸ்கிறீம் வானும். நாலரைக்குத்தான் லொறி வந்தது. பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டுகிற அதே செற். குழல் ஸ்பீக்கர் நான்கு, அடிச்சத்தத்துக்கு இரண்டே இரண்டு பெட்டி. ஸ்பீக்கர்கார அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். ஹிப்ஹொப் என்றால் என்னவென்று கேட்டார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாட்டுக்காரர் வாயை மூடி மேளம் மட்டும் தனியாக வருகிற இடத்தில்தான் சனம் கூட ஆடுகிறது என்று ஹேர்க் கண்டுகொண்டார், ஒரே தட்டில் இரண்டு வாங்கி வைத்து அந்தத் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார், அதிலிருந்து வந்ததுதான் எல்லாம் என்றேன். அண்ணை வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இதென்ன புதினம்? கோயில்லையும் தனித் தவில் தொடங்கினாத்தானே சனம் எழும்பிக் கிட்ட வரும்." அதற்குப் பிறகு நான் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை.

சோளகம் அன்று பேய்த்தனமாக வீசியது. சோளகக் காலத்தில் வெட்டையில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். முதல் பெடியன் மைக்கைப் பிடித்ததும் ஸ்பீக்கரில் வந்தது அவன் குரல் இல்லை, பொலித்தீன் பையைக் காதுக்குள் கசக்கினமாதிரி ஒரு இரைச்சல். கைலேஞ்சி சுற்றிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அண்ணை மேடைக்கு ஏறி, "சின்னப் பிள்ளையின்ரை சொக்ஸ் ஒண்டு ஆரிட்டையும் இருக்கோ?" என்று கேட்டார். சனம் சிரித்தது. முன்வரிசையில் ஒரு தாய் மடியிலிருந்த பிள்ளையின் காலில் இருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். இளஞ்சிவப்பு நிறம், மேல் விளிம்பில் இரண்டு முயல் காது. அண்ணை அதை மைக்குக்கு மாட்டி, கழுத்தில் இரப்பர் பாண்ட் போட்டு, "ஹலோ" என்றார். காற்று வெட்டுப்பட்டுக் குரல் மட்டும் வந்தது. அன்று இரவு எட்டுப் பேர், சிலர் கழுத்தில் சங்கிலியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, அந்த முயல் காதைப் பிடித்துக்கொண்டுதான் ஊரைத் திட்டினார்கள்.

முதல் ஏழு பேரைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பிறந்தது தருமபுரம், படித்தது கிளிநொச்சி, மைக்கைப் பிடித்தால் வடசென்னை. 'செம', 'மாஸ்', 'இன்னா' என்று வந்துகொண்டே இருந்தது. யூடியூப்பில் படித்த கலை, படித்த இடத்தின் நாக்கோடுதான் வரும். நானும் கை தட்டினேன். ஆனால் பக்கத்தில் நின்ற வயதானவர்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எட்டாவதாக ஏறியவனிடம் சங்கிலி ஒன்றும் இல்லை. சாரத்தை மாற்றிக் களிசான் போட்டுக்கொண்டு நேரே வந்தவன்போல இருந்தான். மைக்கில் அவன் சொன்ன முதல் சொல் "என்னெண்டா". வெட்டை முழுக்க ஒருதரம் தலை நிமிர்ந்தது. பிறகு இப்படிப் போனது:

கட்டுக் காசெண்டு வந்து கதவடியிலை நிக்கிறார்
வட்டி கூடிப் போச்செண்டு கொப்பியைக் காட்டுறார்
பட்டி மாடு வித்தாச்சு, இனி என்னத்தை விக்கிறது
எட்டிப் பாக்கிற அம்மாவை எங்கை நான் ஒளிக்கிறது

நுண்கடன் கட்டிய வீடு எது, கட்டாமல் ஒளித்த வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்த ஊர் இது. மூன்றாவது வரியில் பின்னாலிருந்து ஒரு விசில். நாலாவதில் பெண்கள் பக்கம் சிரிப்பு, உடனே நின்றுபோன சிரிப்பு. நான் கவனித்தது வேறு ஒன்று. இங்கிலீஸ் ராப் வரியின் கடைசியைத்தான் நம்பியிருக்கும், தமிழில் இயைபு என்கிறோமே, அது. இவன் கட்டு, வட்டி, பட்டி, எட்டி என்று வரியின் தலையிலேயே எதுகையால் அடிக்கிறான், வாலில் 'நிக்கிறார், காட்டுறார்' என்று அந்த வல்லின 'ற' வேறு விழுகிறது. எங்கள் பேச்சில் வாறன், போறன், நிக்கிறன் எல்லாம் கட்டையான சொற்கள், பீட்டுக்குள் அறைந்த ஆணிமாதிரி நிற்கும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று நீட்டிக்கொண்டு யாராலும் ராப் பாட முடியாது. பதின்மூன்று வருடம் கேட்டும் இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஒன்பதரைக்குக் கொத்து ரொட்டிக் கடையடியில் அவனைக் கண்டேன். நண்பன் செல்பிக்குப் போனைத் தூக்க, நான் வாத்தியார்மாதிரி, "தம்பி, அந்த எதுகையெல்லாம் எங்கை படிச்சனீர்?" என்று கேட்டேன்.

"எதுகையோ? ஓஎல் சோதினையிலை தமிழ் எனக்கு எஸ் அண்ணை, சும்மா பாஸ்."

பிறகு அவனே சொன்னான். பிளாஸ்டிக் கதிரை விற்கிற பட்டா வாகனத்தில், அந்தச் சின்ன லொறியில், இரண்டு வருடம் மைக் பிடித்தவனாம். "ஒரு வீட்டைத் தாண்டப் பத்துச் செக்கன். அதுக்குள்ளை விலை, கலர், தவணைக் காசு எல்லாம் சொல்ல வேணும். முதல் சொல் காதிலை ஏறாட்டி ஆரும் படலைக்கு வராயினம். அதாலை முதல் சொல்லைத்தான் நான் இறுக்கிறது." மூச்சு எப்படி என்று கேட்டேன். "பள்ளம் வந்தா வாகனம் சிலோ ஆகும், அதிலை எடுக்கிறது" என்று சிரித்தான். கொத்துத் தகடு சத்தம் போட்டபடி இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அண்ணை தொண்ணூறிலை அடிக்கிறார், நல்லாயிருக்கு" என்றான். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி. நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், எண்பத்தெட்டு.

கொத்து வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் நேரமில்லை என்றான். லொறியில் பெட்டி ஏற்ற வேண்டுமாம். பாடினதுக்குக் காசு இல்லை, பெட்டி ஏற்றினால் 1500 ரூபாய் தருவதாக ஸ்பீக்கர்கார அண்ணை சொல்லியிருக்கிறார்.

முள்ளியவளையிலிருந்து:

பட்டா வாகனக் கதை நல்ல கதை. ஒரு விஷயத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், 'கூத்துத்தான் எங்கள் ராப்' என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வசனத்தை நான் கேட்காத மேடை இல்லை. என் அம்மப்பா கோவலன் கூத்தில் ஆடியவர். விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு அவசரமே கிடையாது. கூத்தை நடத்துகிற அண்ணாவியார் ஒரு வரியைப் பிடித்தால் பக்கப்பாட்டுக்காரர் திருப்பிப் பாடி, மத்தளம் திருப்பி அடித்து, அந்த இடைவெளியில் சனம் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடும். இதற்கும் ராப்புக்கும் என்ன சொந்தம்?

சொந்தம் தேட வேண்டுமென்றால் அரிவு வெட்டுப் பாட்டில் தேடலாம். ஒருத்தர் சொல்ல மற்றவர்கள் வாங்கிச் சொல்ல, கத்தியும் அதே கணக்கில் போகும். இன்றைக்கு மெசின் வெட்டுகிறது, பாட்டைக் காணோம். மெசின்காரர் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

என் சந்திப்பு சின்னது. அந்த இரவில் நானும் நின்றேன். நிகழ்ச்சி முடிந்து அந்த ஸ்பீக்கர்கார அண்ணையிடம் பேச்சுக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்களில் அவரும் ஒருவர். தம்பி சுற்ற அண்ணன் கேட்பது, அடுத்த பாட்டுக்கு மாறிச் சுற்றுவது. சுற்றுகிறவன் களைத்தால் பாட்டுக்காரரின் குரலும் களைக்கும் என்றார். பிரொங்ஸில் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து வயர் இழுத்துப் பார்ட்டி வைத்தார்கள் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில்தான் ஒரு பொறாமை. "கம்பமாவது இருந்திருக்கே" என்றார்.

வவுனியாவிலிருந்து:

நான் ராப் கேட்கிற ஆள் இல்லை. மகள் பிரேக் ஆடுகிறாள், அதனால் காவலுக்குப் போனேன். மேலே எழுதியவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, ஆண்கள் மைக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் புழுதியில் ஒரு தறப்பாளை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து ஆடினார்கள். எனக்கு அந்தத் தறப்பாளைக் கண்டாலே பிடிக்காது. அதற்குக் கீழ் ஒன்றரை வருடம் இருந்திருக்கிறேன், வெக்கையில் அது விடும் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. என் பிள்ளை அதில் தோளை ஊன்றிச் சுழல்கிறாள். தறப்பாள் வழுக்குவதால் சுழற்சி நன்றாக வருமாம், சீமெந்துத் தரையை விட நல்லதாம்.

பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். அன்று பதில் வரவில்லை. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் போட்டியாக வந்தது, பெண்களுக்குத் தனியாகவும் நடந்தது. அந்த ஐயாவைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன், முகம் மறந்துவிட்டது.

இன்னொன்று. பெரிய பாட்டுக்காரர் ஒருவர் வருவார் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள், வரவில்லை, ஏன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு ஓட்டோவுக்கு நான் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் எரிகிறது.

பரந்தனிலிருந்து:

அந்தச் சொக்ஸ் என்னுடைய மகனுடையது. முயல் இல்லை, அது பூனை. சோடியில் மற்றது இன்னும் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது, அவனுக்கு இப்போது கால் வளர்ந்துவிட்டது. ஸ்பீக்கர்கார அண்ணையின் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒன்று தொலைந்தால் அவருக்கு மாற்றுக்கு உதவும்.