வங்கி கடனாகக் கொடுப்பது யார் வீட்டுப் பணம்?

பேரேடு: நேற்று அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து 2 லட்சம் வாங்கினேன். கல்லில் உரசினார்கள், எடை போட்டார்கள், நாலு இடத்தில் கையெழுத்து. நோட்டு எதையும் எண்ணவில்லை. நகைக்கடன் கணக்கில் 2 லட்சம் பற்று, என் சேமிப்புக் கணக்கில் 2 லட்சம் வரவு. வேறு யார் கணக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. அப்படியென்றால் அந்தப் பணம் முந்தின நிமிஷம் வரை எங்கேயும் இல்லை. ஒருவர் போட்டதை இன்னொருவருக்குக் கொடுக்கும் தரகர்தான் வங்கி என்று பள்ளியில் படித்தது தப்பு என்கிறேன்.

பழைய கேஷியர்: தம்பி, 32 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்றேன். மார்ச் வந்தால் டெபாசிட் டார்கெட்டுக்காக நெல் மண்டி, நகைக்கடை என்று படியேறி இறங்குவோம். கீபோர்டில் பணம் முளைக்கும் என்றால் அந்த வெயிலில் எங்களை ஏன் அலையவிட்டார்கள்?

பேரேடு: நல்ல கேள்வி ஐயா. இன்று காலை அதில் 80,000 எடுத்துத் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன். காலேஜ் கணக்கு வேறு வங்கியில். என் வங்கி, ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் தன் கணக்கிலிருந்து அந்த வங்கிக்கு 80,000 கொடுத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கியில் இருக்கும் அந்தப் பணத்தை என் வங்கியால் கீபோர்டில் தட்டி உண்டாக்க முடியாது. போனதைத் திரும்ப இழுக்கத்தான் உங்களை வெயிலில் அனுப்பினார்கள். ஆனால் காலேஜ் பக்கத்து வங்கிக்காரருக்கு அதே 80,000 புது டெபாசிட். எல்லா வங்கியையும் சேர்த்துப் பாருங்கள், டெபாசிட் பிறப்பதே கடனில்தான். இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014-இல் தன் காலாண்டு இதழில் இதைப் போட்டு உடைத்துவிட்டது.

சந்தேகப் பிராணி: காற்றில் செய்த காசுக்கு நம்மிடம் வட்டியா? அசலை மட்டும் உண்டாக்கினால் வட்டி கட்ட ஊரில் பணம் ஏது?

பழைய கேஷியர்: வாங்கின வட்டியை நாங்கள் புதைத்தா வைத்தோம்? டெபாசிட்காரருக்கு வட்டி, எங்கள் சம்பளம், கிளைக் கட்டிட வாடகை என்று திரும்ப ஊருக்குள்தான் வரும். ஒரே ரூபாய் வருஷத்தில் பத்துக் கை மாறும். அதில் பூதம் எதுவும் இல்லை. என் சண்டை "காற்றில்" என்பதோடுதான். டெபாசிட்டில் ஒரு பங்கை சி.ஆர்.ஆர். என்று ரிசர்வ் வங்கியில் கட்டிவிட்டு, மிச்சத்தில்தானே கடன்?

பேரேடு: அமெரிக்காவில் 2020 மார்ச்சில் அந்த விகிதத்தைப் பூஜ்யமாகவே ஆக்கிவிட்டார்கள். கடன் வானத்துக்குப் போய்விடவில்லை. நம் ஊரையே எடுங்கள். 2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்றதும் டெபாசிட் வெள்ளமாக வந்தது. டெபாசிட் இருந்தால் கடன் என்பது உங்கள் கணக்கு. ஆனால் அந்த நிதியாண்டில் கடன் வளர்ச்சி பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குப் படுத்தது. காரணம் வாராக்கடன். 2018 மார்ச்சில் அது மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. நஷ்டம் தின்பது வங்கியின் சொந்த மூலதனத்தை. கொடுத்த கடன்களை ஆபத்துக்கு ஏற்ப எடைபோட்டு வரும் தொகையில் அந்த மூலதனம் குறைந்தது 9 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீதம் இருந்தாக வேண்டும். இழுத்துப் பிடிக்கும் கயிறு அதுதான். நம்பிக் கொடுக்கத் தகுந்த ஆள் கிடைப்பது இன்னொரு கயிறு.

பழைய கேஷியர்: 2016-ஐ என்னிடமே சொல்கிறாயா! ராத்திரி பதினொன்று வரை எண்ணிய கை இது. ஆனால் மாட்டிக்கொண்டாய் தம்பி. அந்த டெபாசிட் எந்தக் கடனில் பிறந்தது? நோட்டாக வந்ததுதானே?

பேரேடு: அது சரிதான், "டெபாசிட் எல்லாம் கடனில்தான்" என்றது அதிகப்படி. நோட்டு டெபாசிட்டாக மாறும், அரசு செலவு செய்தாலும் டெபாசிட் வரும். ஆனால் நோட்டைக் கொண்டுவந்து போட்டால் மக்கள் கையில் இருந்தது கணக்குக்கு மாறுகிறது, மொத்தப் பணம் ஏறுவதில்லை. கடன் கொடுத்தால் ஏறுகிறது.

பழைய கேஷியர்: அதை ஏற்றுக்கொள்கிறேன். "தரகர்" என்பதை நானும் அரைவாசி வாபஸ் வாங்குகிறேன். முழுசாக இல்லை.

சந்தேகப் பிராணி: அப்போ கடனை அடைத்தால்?

பேரேடு: அந்த 2 லட்சம் வந்த வழியே மறைந்துவிடும். பற்றும் வரவும் நேர்.

பழைய கேஷியர்: அதைத் தேதிக்குள் செய். சங்கிலி ஏலத்துக்குப் போனால் உன் அம்மாவிடம் இந்தப் பேரேட்டுக் கணக்கெல்லாம் செல்லாது.