அம்மாவை முதல் மார்கழிக் கச்சேரிக்கு எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

வில்லிவாக்கம் மகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு 68 வயசு. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா தவறின பிறகு வில்லிவாக்கத்துல என்கூட இருக்காங்க. அவங்களுக்குச் சபா, கச்சேரி எல்லாமே ரேடியோதான். சனிக்கிழமை ராத்திரி அகில பாரத சங்கீத நிகழ்ச்சி ஆரம்பிச்சா வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பீடி சுத்துற தட்டை மடியில வச்சுக்கிட்டு, கை பாட்டுக்கு இலையை உருட்ட, காது அங்கேயே இருக்கும். ராகத்தோட பேர் சொல்லத் தெரியாது. ஆனா ஒரு ராகத்தைக் கேட்டதும், இதுலதான் போன மாசம் வேற ஒருத்தர் பாடினாருன்னு சொல்லிடுவாங்க.

இதுவரை ஒரு கச்சேரிகூட நேர்ல கேட்டதில்லை. கூப்பிட்டா, "அங்கெல்லாம் பட்டுச்சேலை கட்டினவங்க வருவாங்க, நமக்கு எதுக்குய்யா" என்கிறாங்க. முழங்கால் வலி வேற, படி ஏறுறது கஷ்டம். எந்த இடம் நல்லாயிருக்கும்? டிக்கெட் விலை பரவாயில்லை. அவங்க அங்க கூச்சப்படாம உட்காரணும், அதுதான் எனக்கு வேணும்.

டி.டி.கே. சாலை:

மியூசிக் அகாடமி. 1962ல திறந்த அரங்கம், இன்னைக்கும் அதுக்கு ஒரு கம்பீரம் இருக்கு. ஆயுசுல ஒரு தடவையாவது அங்க கேட்கணும். பால்கனி வேண்டாம், கீழேயே எடுங்க.

மந்தைவெளி அக்கா:

தம்பி, நான் நாற்பது வருஷமா இந்த ஊர் சபாக்களுக்குப் போய்ட்டு வர்றவ. அகாடமி எனக்கும் பிடிக்கும். ஆனா அம்மாவை முதல் நாளே சாயங்காலப் பெரிய கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கூட்டம், கார், செக்கிங், சீட் நம்பர் தேடுறது. அவங்க பயப்படுற மாதிரியே எல்லாம் நடக்கும்.

மதியக் கச்சேரிக்குப் போங்க. பெரும்பாலான சபாக்கள்ல மதியம் டிக்கெட் வாங்க வேண்டாம், இலவசம்தான். இளம் பிள்ளைங்க பாடுவாங்க, அரங்கத்துல பாதி இடம் காலியா இருக்கும். பிடிச்ச நாற்காலியில காலை நீட்டி உட்காரலாம். வர்றவங்க பாதிப் பேர் பருத்திச் சேலையில தண்ணி பாட்டிலோட வர்ற என்னை மாதிரி ஆளுங்கதான். போன வருஷம் ஒரு மதியம், முன்னூறு பேருக்கு மேல உட்காரக்கூடிய இடத்துல நாங்க பதினெட்டுப் பேர். பாடின பொண்ணு தோடி ராகத்தை அரை மணி நேரம் விரிச்சுது. யாருக்கும் எழுந்து போக மனசு வரலை.

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிறது. ரேடியோவுல கேட்ட காதுக்கு நம்ம அரங்கங்களோட சத்தம் ஒத்துக்காது. ஒரு சபாவுல மிருதங்கத்தை அவ்வளவு ஏத்தி வச்சிருந்தாங்க, வயலின் வாசிக்கிறவரோட வில் ஆடுறது தெரிஞ்சுது, நாதம் காதுல விழலை. தம்புரா இருக்கிறதே தெரியலை. வாசிச்சவங்க மேல குத்தமில்லை. மேடையில் அவங்களுக்குக் கேட்கலைன்னு கூட்டச் சொல்றாங்க, எல்லாருக்கும் கூட்டக் கூட்ட சத்தம்தான் மிச்சம். எங்க போனாலும் ஸ்பீக்கருக்கு நேரா உட்காராதீங்க. நடு வரிசை, நடுப் பக்கம்.

அதனால நான் உங்க அம்மாவுக்கு முதல்ல சொல்ற இடம் சபாவே இல்லை. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. மாசத்தோட முதல் ஞாயிறு காலையில ஏழு மணிக்கு மைக் இல்லாத கச்சேரி, சுந்தரம் ஃபைனான்ஸ் நடத்துறது. சின்னப் பிள்ளைங்க பாடுவாங்க, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். நடைப்பயிற்சிக்கு வந்தவங்க ஷூவோட நின்னு கேட்பாங்க. படி ஏற வேண்டாம். காக்கா கத்தும், தம்புராவும் கேட்கும்.

பங்குனித் திருவிழாவுக்கு அம்மாவைக் கபாலி கோயில் மாட வீதிக்குக் கூட்டிட்டு வாங்க. சாமி புறப்படும்போது நாதஸ்வரத்துல மல்லாரிங்கிற புறப்பாட்டு இசை, கூட தவில். பத்தடி தூரத்துல நின்னு கேட்டா நெஞ்சுக்குள்ள அடிக்கும். அந்தக் கருவியெல்லாம் திறந்த வெளிக்குன்னே பிறந்தது. நாலு சுவருக்குள்ள மைக் வச்சு அதை அடைக்கிறதை என்னால ஏத்துக்க முடியலை.

பாரிமுனை ரசிகன்:

யாரும் ராஜா அண்ணாமலை மன்றத்தைச் சொல்லலையே! அது தமிழ் இசைச் சங்கத்தோட அரங்கம், அந்தச் சங்கம் 1943ல தொடங்கினது. தமிழ்ப் பாட்டைக் கச்சேரி கடைசியில துக்கடாவா மட்டும் பாடினா போதாதுன்னு போராடினவங்களோட இடம் அது. டிசம்பர் கடைசியில இசை விழா நடக்கும், பண், அதாவது பழைய தமிழ் ராகங்கள் பத்தின ஆராய்ச்சிக் கூட்டமும் இருக்கும், ஓதுவார்கள் தேவாரம் பாடுவாங்க. பாடுற ஒவ்வொரு வரியும் அம்மாவுக்குப் புரியும். எனக்கு அதுதான் பெரிசு. உங்களுக்கு வழியும் சுலபம்: வில்லிவாக்கத்துல மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவுல அடுத்த நிறுத்தம் உயர்நீதிமன்றம்.

சங்கரன்கோவில்னு சொன்னீங்க. காவடிச்சிந்து பாடின சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரோட ஊர் உங்க பக்கம்தானே? அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்!

வில்லிவாக்கம் மகன்:

பூங்காவுக்குப் போய்ட்டு வந்தோம். அஞ்சரைக்கே கிளம்பிட்டோம். பதினாலு, பதினஞ்சு வயசு இருக்கும், ஒரு பையன் பாடினான். அம்மா முதல்ல பின்னால ஒரு பெஞ்சுல உட்கார்ந்தாங்க. ரெண்டாவது பாட்டுல அவங்களா எழுந்து முன்னால போய்ட்டாங்க. நான் பிடிக்க எழுந்தேன், வேண்டாம்னு கையைக் காட்டினாங்க. வயலின்காரப் பொண்ணோட விரலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அறுபது வருஷமா கேட்டதை அன்னைக்குத்தான் கண்ணால பார்க்கிறாங்க.

முடிஞ்சதும் அந்தப் பையன்கிட்ட போய், "தொண்டையைப் பார்த்துக்கய்யா, பனியில ரொம்ப நேரம் நிக்காத"ன்னு சொன்னாங்க. அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

பாரிமுனை அண்ணே, காவடிச்சிந்து தெரியுமான்னு கேட்டேன். கழுகுமலைக்கு நடந்து போகும்போது அவங்க பாட்டி வழி நெடுக அதைத்தான் பாடிக்கிட்டு வருவாங்களாம். பஸ்ஸுல என் காதுல நாலு அடி பாடியும் காட்டினாங்க. மன்றத்துக்குக் கண்டிப்பா போறோம். அங்க கீழ்த்தளத்துலயே நடு வரிசையில இடம் கிடைக்க எத்தனை மணிக்கு வரணும்?

பாரிமுனை ரசிகன்:

அரை மணி முன்னாடி வந்தா போதும். வாசல்ல ஒரு பழைய பச்சைக் குடையோட நான் நிப்பேன், அம்மாவை நானே உள்ளே கூட்டிட்டுப் போறேன்.