கூலன்ட் லைனில் சிக்கிய காற்றை எப்படி வெளியேற்றுவது?

வணக்கம். என் பழைய காரில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு), ஹோஸ்கள் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், ஆனால் 4.5 லிட்டருக்கு மேல் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கவில்லை. மீதி காற்றுதான். ஐடிலில் ஹீட்டர் சூடே தருவதில்லை; ஆக்சிலரேட்டரை மிதித்தால் வருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை எஞ்சினை ஓடவிட்டேன். ஹோஸ்களையும் அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் குமிழி வந்தது, அவ்வளவுதான்.

என் சந்தேகம் குழாய் இணைப்பின் மேல்தான். ஹீட்டர் ஹோஸ் ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக வளைந்து போகிறது. அந்த உச்சியில் ஒரு டி இணைப்பு போட்டு பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) வைத்தால் போதுமா? இல்லை, எக்ஸ்பான்ஷன் டேங்கையே (சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கான தொட்டி) அதற்கும் மேலே ஏற்றி, மெல்லிய காற்றுக்குழாயை டேங்கின் மேல்பகுதிக்கும், அடியிலிருந்து தடித்த குழாயைப் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கும் கொண்டுபோக வேண்டுமா? அப்புறம், தெர்மோஸ்டாட்டின் காற்றுத் துளையைக் கீழ்நோக்கி மாட்டிவிட்டேனோ என்றும் கவலை. அதற்காக மறுபடி கழற்றலாமா?

குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்பு) கசிவாகவும் இருக்கலாம் என்று தெரியும். அதை உறுதி செய்ய எளிய வழி இருந்தால் சொல்லுங்கள். பதில் கிடைக்கும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை.